ஒரே பழுப்பு, வேறு வேறு இனம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில், வலை உலர்த்தும் மணல்மேட்டை ஒட்டி வெட்டுக்காயப் பூண்டு பூத்திருந்தால், காலை வெயிலில் ஒரு சின்னப் பழுப்புப் பூச்சி விருட்டென வந்து உட்காரும். ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சி. எந்த ஸ்கிப்பர் என்பதுதான் சிக்கல். நெல்லிலும் புல்லிலும் புழுவாக வளரும் இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் ஒரே அச்சில் வார்த்தவை.

அடையாளம் காண இறக்கைப் புள்ளியின் அளவை நம்பாதீர்கள்; பூச்சிக்குப் பூச்சி மாறும். இடத்தை நம்பலாம். இறக்கை நரம்புகள் பிரிக்கும் அறைகளுக்குள் புள்ளிகள் தனித்தனியே உருவாகின்றன. எந்த அறையில் புள்ளி என்பது இனத்துக்குள் அவ்வளவாக மாறாது.

இறக்கையை மடக்கியதும் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வளைவாக நிற்கும் வெண்புள்ளிகளுக்கு உட்புறம், நடு அறையில் தனியாக ஒன்று இருந்தால் பெரும்பாலும் பெலோபிடாஸ் என்ற பேரினம். இல்லையென்றால் போர்போ சின்னாராவாக இருக்கலாம். 1866இல் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் விவரித்த இனம்.

பெலோபிடாஸிலும் மத்தியாஸ், ஆக்னா என்று ஒன்றுபோல் தோன்றும் இனங்கள் உண்டு. ஆணின் முன்னிறக்கை மேல்பக்கத்தில் சாய்வான வெளிர்கோடு ஒன்று தெரியும்; பெண்ணைக் கவரும் வாசனைச் செதில்கள் அதில்தான். முன்னிறக்கை நடு அறையின் இரு புள்ளிகளையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோட்டை நீட்டுங்கள். அது வெளிர்கோட்டை வெட்டினால் மத்தியாஸ். வெட்டாமல் விலகிப் போனால் ஆக்னா. எவ்வளவு அழகான சோதனை!

பெண்ணுக்கு அந்தக் கோடு கிடையாது. ஐயம் தீராவிட்டால் ஆய்வகத்தில் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. படம் எடுப்பவர்கள் இறக்கையின் இரு பக்கத்தையும் எடுங்கள்.