பழவேற்காட்டிற்கு ஒரு பகற்பயணம்

நெய்தல் நிலத்தை ஏட்டில் மட்டும் கற்கும் மாணவர்கள் அதனைக் கண்ணாரக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்திலேயே பழவேற்காடு உள்ளது. காலையில் புறப்பட்டால் மாலையில் இல்லம் திரும்பலாம்.

இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரியே. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகின்றது. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கே கூட்டமாய் வந்து இரைதேடும். 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பி, இங்கிருந்து துணிகளைக் கீழை நாடுகளுக்கு அனுப்பினர். அவர்தம் கல்லறைத் தோட்டத்தையும், தொழுகை வேளையை அறியப் பள்ளிவாசலில் அமைந்த சூரியக் கடிகாரத்தையும், நம் பெண்மக்கள் பனையோலையில் முடையும் கூடைகளையும் காணவே அரைநாள் ஆகும்.

எனினும், இளைஞர் உள்ளம் நாடுவது படகையே. இங்குதான் நாம் ஒன்றை மறத்தலாகாது. 2011 டிசம்பர் 25 அன்று, இன்பச் சுற்றுலா வந்தோர் ஏறிய படகு முகத்துவாரத்தின் அருகே கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் கும்மிடிப்பூண்டியினர் பலர். மீன்பிடிப் படகில் அளவிற்கு மிஞ்சி ஆட்கள் இருந்தனர். மிதவை உடை இல்லை. அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஏரி அமைதியாய்த் தோன்றலாம், முகத்துவாரம் அத்தகையதன்று. வெளியேறும் ஏரிநீரும் உட்புகும் அலையும் அங்கே மோதுகின்றன. மணல்திட்டுகளோ இடம் மாறுகின்றன. அஞ்சியவர்கள் எழுந்து ஒருபுறம் சாய்ந்தால் படகு நிலைகுலையும்.

ஆதலின், பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் கரைக்காட்சிகளை வகுத்துக்கொள்க. அரசின் இசைவு இல்லாப் படகில், எவர் அழைப்பினும் ஏறற்க. இசைவு பெற்ற படகெனினும் ஆட்களை எண்ணுக. ஒவ்வொருவருக்கும் மிதவை உடை உண்டா என நோக்குக. நண்பகலுக்குப் பின் கடற்காற்று வலுக்குமாதலின் முற்பகலிலேயே கரை திரும்புக. மீனவர் "இன்று வேண்டா" என்பாராயின் அச்சொல்லைத் தட்டாதீர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கரையில் நின்று படகை ஆராய்வதும் அந்த அறிவுரையின்பாற்பட்டதே. படகில் ஏறாது திரும்பிய பயணம் வீணான பயணம் அன்று. புறப்பட்ட அனைவரும் இல்லம் சேர்ந்தால் அதுவே நிறைவான பயணம்.