ஜூன் மாதத்துப் பணம்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்கள். இந்த வட்டாரத்துப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். ஏலக்காய் எடுப்பு ஆடி வாக்கில் சூடு பிடித்துத் தை வரை நீளும். கோடையில் வேலை குறைந்துவிடும். கல்லூரிச் சேர்க்கையோ மே, ஜூன், ஜூலையில் நடக்கிறது. வீட்டில் காசு வற்றிக் கிடக்கும் நாட்களில்தான் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், புத்தகம், நல்ல துணி நாலு என்று எல்லாம் ஒன்றாக வாசலில் வந்து நிற்கின்றன. பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு பெண் நின்றுவிட்டால், படிக்க வைக்க மனமில்லை என்று பெற்றோரைக் குறை சொல்வது நம் வழக்கம். மனம் இருந்தும் மாதம் ஒத்துவராத வீடுகளை அந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை. உள்ளூர்ப் பெண்கள் சங்கம் ஒன்று கல்வி உதவி தருவதென்றால், தொகையின் அளவைவிட அது கைக்கு வரும் நாள்தான் முக்கியம் என்பது என் வாதம்.

அரசுதான் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, அதை மனமாரப் பாராட்ட வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். அதே பெயரில் 2022 செப்டம்பர் 5 முதல் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண் என்ற அழைப்போடு, அந்த உதவி உருமாறியிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தாலிக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிக்குத் திருப்பிய அந்த ஒரு முடிவில் ஒரு சமூகத்தின் எண்ணமே திரும்பியிருக்கிறது. ஆனால் ‘சேர்ந்த பெண்ணுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசற்படியைத் தாண்டியவளுக்குத்தான் அந்தப் பணம். தாண்டுவதற்கான முதல் சில ஆயிரங்களை அது தராது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே வளர்ந்து கேரளத்துப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண்ணோ, தமிழ்நாட்டுப் பள்ளிகளை வைத்து எழுதிய விதிக்கு வெளியே நிற்கிறாள். இந்த இடைவெளிகள் சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும்.

பெண்கள் கூடிப் பெண் கல்விக்கு வழிசெய்வது நமக்குப் புதிதல்ல. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை அவர்தான். அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். பெண்கள் வீட்டைவிட்டு வந்து கூடிப் பேச ஓர் இடம் என்பதுதான் அதன் தொடக்கம். ஆனால் கூடியவர்கள் பேச்சோடு நிற்கவில்லை. 1920களில் சாரதா வித்யாலயம் அந்தச் சங்கத்தின் நிழலில்தான் எழுந்தது. அனைத்திந்திய மகளிர் மாநாடு 1927இல் முதன்முதலாகப் பூனாவில் கூடியதே கல்வியைப் பற்றிப் பேசத்தான். அதிலிருந்து பிறந்த கல்வி நிதி 1932இல் டில்லியில் லேடி இர்வின் கல்லூரியாக நின்றது. அமெரிக்காவில் 1869இல் ஏழு மாணவிகள் தங்களுக்குள் தொடங்கிய பி.இ.ஓ. என்ற சகோதரிகள் சங்கம், 1907இல் ஒரு கல்விக் கடன் நிதி வைத்தது. படித்து முடித்தவள் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவள் கைக்குப் போகும். சுழல்நிதி என்றால் என்னவென்று நம் மகளிர் குழுக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயிற்றுக்கும் வாரத் தவணைக்கும் ஓடுகிற பெண்களிடம் இன்னும் ஒரு சுமையா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. நுண்கடன் நிறுவனங்களின் வசூல்காரர் வாசலில் நிற்கும் வீடுகளில் ‘குழு’ என்ற சொல்லே சிலருக்குக் கசந்துபோயிருக்கிறது. அதனால் இந்தக் கல்வி உதவி கடன் குழுவின் கணக்கோடு கலக்கக் கூடாது. தனி நோட்டு, தனிக் கணக்கு. 15 பேர் இருக்கும் ஒரு சுய உதவிக் குழுவில் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,600. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் 36,000. ஆறு பெண்களின் ஜூன் மாதத்துக்கு ஆளுக்கு 6,000 அதிலிருந்து கொடுக்கலாம். ஆண்டுத் தொகையை ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களிலேயே சேர்த்து, வேலை வற்றும் மாதத்தில் எடுப்பது என்ற ஒழுங்கு இந்த மண்ணுக்குப் பொருந்தும். ஏலக்காய்ப் பணம் படிப்பாக மாறியதற்கு இங்கேயே சான்று நிற்கிறது: போடியில் பல தலைமுறைகள் படித்த கல்லூரியின் பெயரே ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி. தோட்டக்காரர்கள் சங்கமாகக் கூடிப் பெரிதாகச் செய்ததைக் காய் எடுக்கும் பெண்கள் சிறிதாகச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சங்கங்கள் உடையும். தெருவுக்கு ஒரு குழு, சாதிக்கு ஒரு தெரு என்றிருக்கும் ஊரில் ‘நம்ம பொண்ணு’ என்ற பாசம் மற்றவளை வெளியே தள்ளிவிடும். இது வீண் பயமில்லை. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய விதவையர் இல்லமே பிராமணப் பெண்களுக்காகத்தான் தொடங்கியது. அந்த எல்லையைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நேர்மையாகாது. 1930இல் தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பிவந்த பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. எனவே விதி எளிதாகவும் எல்லார் கண்ணுக்கும் தெரிவதாகவும் இருக்க வேண்டும். கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறதா, வீட்டில் கூலியைத் தவிர வேறு வருமானம் உண்டா, இவ்வளவு போதும். மதிப்பெண்ணை அளவுகோலாக்க வேண்டாம். அதிக மதிப்பெண் எடுத்தவளைத் தேடிவரப் பலர் உண்டு, நடுவில் நிற்பவளுக்குத்தான் ஆளில்லை. பணத்தை நேராகக் கல்லூரியில் கட்டி, ரசீதைக் கூட்டத்தில் வாசிக்கட்டும்.

படித்த பெண் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விடுவாள், கொடுத்தது திரும்பாது என்பார்கள். காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் யார் எவ்வளவு செய்தார்கள் என்று வீட்டுக்கு வீடு செய்முறை நோட்டு வைத்திருக்கிற ஊர்கள் இவை. கம்பத்துக்கோ உத்தமபாளையத்துக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனவளும், பத்து வருடத்துக்கு முன் தனக்குச் செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் தேடிவந்து, வாங்கியதற்குக் குறையாமல் எழுதிவிட்டுத்தான் போகிறாள். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை, வசூலுக்கு ஆளும் இல்லை. அந்த நோட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால், வேலைக்குப் போன பின் முடிந்தபோது அவள் அதையும் திருப்பி எழுதுவாள்.