அப்பாவின் ஹைலக்ஸும் என் அவசரமும்

கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி இறக்கி, திரும்பும்போது உர மூட்டை ஏற்றி வருவது அப்பாவின் 2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸ். அது ஓடினால்தான் என் பல்கலைக்கழகக் கட்டணம். இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் என்ற தைரியத்தில், “கம்ப்யூட்டரில் டியூனிங் செய்தால் மேட்டில் பறக்கும்” என்று விடுமுறையில் நச்சரித்தேன்.

பட்டறை அங்கிள் கேட்டார்: “தம்பி, கிளட்ச் எவ்வளவு தாங்கும்?”

விழித்தேன். அந்த இஞ்சினின் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர். டியூனிங்கில் டீசலும் டர்போ அழுத்தமும் கூடும். கிளட்ச் அதே பழைய கிளட்ச்தான். சுமையோடு நீண்ட மேடு ஏறும்போது புகைவாயுவின் சூடும் ஏறும். அது எல்லை மீறினால் டர்போ, பிஸ்டன் வரை சேதம். கறுப்புப் புகையைக் கெத்து என்று நினைப்பவர்களே, அது முழுதாக எரியாத டீசல், நம் காசு!

அங்கிள் முதலில் இன்டர்கூலர் குழாயைத் தடவிப் பார்த்தார். சின்ன வெடிப்பு, காற்று அங்கேதான் கசிந்தது. குழாயையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். மிச்சப் பணத்தில் நல்ல பிரேக் பேட், புகைவாயு வெப்பமானி. டியூனிங், கிளட்ச் மாற்றும் காலத்தில், அதுவும் அளவாக.

சிம்பாங் பூலாய் சாலையில் இரண்டாம் கியருக்கு இறங்கிய வளைவில், இப்போது அப்பா மூன்றிலேயே ஏறுகிறார்.