கூட்டைக் கலைக்காத கேமரா

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

அதிகாலையில் இனிய குரலால் நம்மைத் துயிலெழுப்பும் பறவைகளைக் கண்டு மகிழாதார் யார்? அவற்றின் அழகைத் தன்னுடையதாக்கிக் கொள்ள மனிதன் நெடுங்காலம் கண்ணியையும் கூண்டையும் துப்பாக்கியையுமே நம்பினான். பறவைகளை ஆராய்ந்த அறிஞர்கள்கூட அவற்றைச் சுட்டு வீழ்த்தித்தான் இறகையும் அலகையும் அளந்தார்கள். பறவையைக் கொல்லாமலே அதன் அழகை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியைக் காட்டியது புகைப்படக் கலையே.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டை, அது இருந்த இடத்திலேயே படம் எடுத்தனர். 1895-இல் இத்தகைய படங்களைக் கொண்டு ஒரு நூலும் வெளியிட்டனர். பறவைகள் மனிதனைக் கண்டால் அஞ்சும். மேயும் மாட்டைக் கண்டால் அஞ்சா. எனவே இவர்கள் எருதின் தோலைக் கொண்டு உள்ளே வெற்றிடமுள்ள ஓர் எருதைச் செய்வித்து, அதற்குள் மறைந்திருந்து படம் எடுத்தார்கள்! கேட்க நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பறவையின் அச்சத்தை மதிக்க வேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியுள்ளது.

படம் கண்ணுக்கு விருந்தாவதோடு நிற்பதில்லை, உயிரையும் காக்கும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலக் கடலோரத்தில் 'திரீ ஆர்ச் ராக்ஸ்' என்னும் பாறைத் தீவுகள் உள்ளன. அங்கே கூடு கட்டும் கடற்பறவைகளைப் படகில் வந்தவர்கள் வெறும் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினர். 1903-இல் வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்னும் இரு நண்பர்கள் கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று, அப்பாறைகளில் தங்கிப் படங்கள் எடுத்தனர். அப்படங்கள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பார்வைக்குச் சென்றன. 1907-இல் அவர் அத்தீவுகளைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார்.

நம் தமிழ்நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) காடுகளில் அலைந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பறவைகளைப் படம் எடுக்க விரும்புவோர் செல்லத்தக்க இடம் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல். பெயரில் வேடன் இருந்தாலும் ஊர் மக்கள் பறவைகளின் காவலர்களே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, இம்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மழை பொய்க்காத ஆண்டில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியவை நீரில் நிற்கும் மரங்களில் கூட்டங்கூட்டமாகத் தங்கும். ஏரிக்கரையில் நின்றவாறே அவற்றைப் படம் எடுக்கலாம். பறவையை மட்டும் எடுக்காமல் மரத்தையும் நீரையும் சேர்த்து எடுப்பது நலம். ஏரி இல்லையேல் நாரை இல்லை என்பதை அந்த ஒரு படமே பிறருக்கு உணர்த்திவிடும்.

இவ்வளவும் எழுதும் நான் ஒரு தவறு செய்தவள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு நந்தியாவட்டைச் செடியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டைகள் இட்டிருந்தது. சித்தப்பாவின் கேமராவை வாங்கிக்கொண்டு, மறைத்திருந்த இலைகளைக் கிள்ளிவிட்டுப் படம் எடுத்தேன். படம் மிக அழகாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் காலையில் கூடு வெறுமையாகக் கிடந்தது. பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ வழி திறந்துவிட்டாய், காக்கை வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்கள். தாய்க்குருவி அன்று முழுதும் அந்தச் செடியையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் படத்தை இம்மலருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் காரணத்தைக் கற்றேன். நாம் நெருங்கினால் தாய் கூட்டை விட்டுப் பறந்துவிடும். நிழலின்றிக் கிடக்கும் முட்டைகள் உச்சிவெயிலில் வெகுவிரைவில் கெட்டுவிடும். விலக்கிய இலைகள் காக்கைக்கும் பூனைக்கும் வழிகாட்டிவிடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லிலேயே அடக்குகிறது. துப்பாக்கி ஏந்தாமலே நானும் வேட்டையாடிவிட்டேன்!

ஆகவே தோழியரே, படம் எடுக்கும்போது சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். கூட்டின் அருகே செல்லாதீர்கள். இலையையோ கிளையையோ ஒதுக்காதீர்கள். கூடுகளின் மீது பிளாஷ் வெளிச்சம் பாய்ச்சாதீர்கள். கண்ணைப் பறிக்காத நிறத்தில் உடை உடுத்தி, ஓரிடத்தில் அசையாது காத்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும் காலைப்பொழுதே சிறந்தது. பறவை உங்களைப் பார்த்து இரை தேடுவதை நிறுத்தினால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை எவருக்கும் சொல்லாதீர்கள்.

நல்ல படம் என்பது எது? நாம் வந்ததையும் சென்றதையும் பறவை அறியாதிருக்க எடுத்த படமே நல்ல படம். அப்படி எடுக்க இயலாத வேளையில் கேமராவை மூடிவிட்டுக் கண்ணாரக் கண்டு திரும்புவோம். இவ்வாண்டு அதே நந்தியாவட்டையில் மீண்டும் ஒரு கூடு இருக்கிறது. நான் சன்னலருகே நின்று பார்ப்பதோடு சரி.