குழாய்வழி உஷ்ண விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாடும்

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது வெறும் சௌகரியம் அன்று. உயிர் வாழ்வதற்கே அஃது அவசியமாகும். வீடுதோறும் தனித்தனியே எரிபொருளை எரிப்பதற்குப் பதிலாக, ஓரிடத்தில் பெரிய கொதிகலன்களை அமைத்து, வெந்நீரையோ நீராவியையோ நிலத்தடிக் குழாய்கள் மூலம் பல கட்டடங்களுக்கு அனுப்பலாம். வெந்நீர் தன் உஷ்ணத்தை அங்கே கொடுத்துவிட்டு, மற்றொரு குழாய்வழியே நிலையத்துக்குத் திரும்புகிறது. அமெரிக்காவில் லாக்போர்ட் என்னும் நகரில் 1877-ஆம் ஆண்டு பேர்ட்ஸில் ஹாலி என்பவர் இம்முறையை வியாபார ரீதியில் வெற்றிபெறச் செய்தார். மின்சார நிலையங்களில் வீணாகும் உஷ்ணத்தையும், குப்பையை எரிப்பதால் கிடைக்கும் உஷ்ணத்தையும் இதன்மூலம் பயன்படுத்திக்கொள்ள இயலும்.

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் அரிசி விலை கூடுதலாகத் தோன்றினால் அடுத்த கடையை நாடலாம். குழாய்வழி உஷ்ணம் பெறுவோருக்கு அடுத்த கடை என்பதே இல்லை. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் இரண்டு குழாய்களைப் பதிப்பது வீண் செலவு. ஆகவே முதலில் குழாய் பதித்தவரிடம் ஏகபோகம் வந்து சேருகிறது. நியாயமான விலை எது என்பதை வேறு எவரேனும் நிர்ணயிக்க வேண்டியதாகிறது.

டென்மார்க் இதற்கு வகுத்த விதி எளிமையானது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால் பெரிதும் பாதிக்கப்பட்ட அந்நாடு, 1979-ல் உஷ்ண விநியோகச் சட்டத்தை இயற்றியது. அவசியமான செலவை மட்டுமே விலையில் சேர்க்கலாம் என்பது அதன் அடிப்படை. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இம்முறையில் உஷ்ணம் பெறுகின்றன. எனினும் செலவைக் கணக்கிடுவது வேறு, செலவைக் குறைப்பது வேறு. சிற்றூர்களில் இயற்கை வாயுவைக் கொண்டு இயங்கிய சில சிறு நிலையங்களில், லாபநோக்கம் இல்லாதிருந்தும், மக்கள் மிக அதிக விலை கொடுக்க நேர்ந்தது.

குளிர்விப்பதற்கும் இதே முறை கையாளப்படுகிறது. சிங்கப்பூரின் மரீனா விரிகுடாப் பகுதியில் ஏறத்தாழ 6 டிகிரி வெப்பநிலையுள்ள குளிர்நீர் கட்டடங்களுக்கு அனுப்பப்படுகிறது. அங்கே 2001-ஆம் ஆண்டின் சட்டம் வேறோர் அளவுகோலை வைத்துக்கொள்ள வழிசெய்தது. ஒவ்வொரு கட்டடமும் தனக்கெனக் குளிர்விப்பு யந்திரங்களை அமைத்துக்கொண்டால் ஆகக்கூடிய செலவை விட, குழாய்வழிக் குளிர்நீரின் கட்டணம் மிகலாகாது. நமது நாட்டில் குஜராத்திலுள்ள கிஃப்ட் நகரிலும் இத்தகைய குளிர்விப்பு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது.

கட்டுப்பாடு தாமதமானால் நேர்வது யாது என்பதற்குப் பிரிட்டனின் அனுபவம் சான்றாகும். அங்கே மின்சாரமும் எரிவாயுவும் நெடுங்காலமாக ஒழுங்குமுறை அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்துவந்தன. குழாய்வழி உஷ்ணம் அதற்கு வெளியே நின்றது. 2014-ல் வகுக்கப்பட்ட விதிகள் பெரும்பாலும் மீட்டர் பொருத்துவதையும் பில் அனுப்புவதையும் பற்றியவை. 2018-ல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இத்தொழிலை ஆராய்ந்தது. சுமார் 14,000 அமைப்புகள் ஏறத்தாழ 4,50,000 உபயோகிப்போருக்கு உஷ்ணம் வழங்குவதாகக் கண்ட அவ்வாணையம், சட்டபூர்வமான கட்டுப்பாடு தேவை என்று பரிந்துரைத்தது.

சட்டம் வருமுன் நெருக்கடி வந்துவிட்டது. 2022-ல் எரிவாயு விலை பன்மடங்கு உயர்ந்தபோது, தம் வீட்டுக்கு நேரடியாக வாயு வாங்கியவர்களை அரசாங்கத்தின் விலை உச்சவரம்பு ஓரளவு காத்தது. அடுக்குமாடி வீடுகளில் பொதுக் கொதிகலனை நம்பியிருந்தோருக்கு அப்பாதுகாப்பு கிட்டவில்லை. கொதிகலனுக்கு வாயு வாங்குபவர் வர்த்தக வாடிக்கையாளராகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம். வசிப்பது வீட்டில், விலையோ தொழிற்சாலைக்குரியது! அரசாங்கம் அளித்த நிவாரணத்தைக் குடியிருப்போருக்குக் கட்டாயமாகச் சேர்ப்பிக்க வேண்டும் என்று தனி விதியே செய்ய வேண்டியிருந்தது.

பின்னர் 2023-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் கிரேட் பிரிட்டனில் இப்பொறுப்பை ஆஃப்ஜெம் என்னும் ஒழுங்குமுறை ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. 2025 ஏப்ரல் முதல் உபயோகிப்போர் தம் புகார்களை எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் எடுத்துச் செல்லலாயினர். 2026 ஜனவரி 27 அன்று ஆஃப்ஜெமின் கண்காணிப்பு தொடங்கியது. அன்று விலை உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆனால் விலை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. அளவுக்கு மீறிய விலையைக் குறித்து விளக்கம் கேட்கும் அதிகாரமும் அந்த ஸ்தாபனத்துக்குக் கிடைத்தது. ஒரேயொரு கட்டடத்துக்கு உஷ்ணம் வழங்கும் சிறு கொதிகலனும் இதற்கு உட்பட்டதே.