சொல்லும் கொடுமையாகும்



பல ஆண்டுகளுக்கு முன் என் வழக்கறிஞர் அலுவலகத்திற்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் அவரைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆயின் அயலார் ஒருவருடன் இணைத்து, நாள்தோறும் பழி கூறி வந்தார். "அடித்திருந்தால் தழும்பைக் காட்டலாம், ஐயா, இந்தச் சொல்லின் தழும்பை எங்கே காட்டுவேன்?" என்று அவர் வினவினார். அவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடையையே இன்று விளக்க விரும்புகிறேன்.

1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொடக்கத்தில் கொடுமையை விவாகரத்துக்குரிய காரணமாகக் கொள்ளவில்லை. நீதிமன்ற ஆணை பெற்றுத் தனித்து வாழ்வதற்கே அது காரணமாயிற்று. அதற்கும், சேர்ந்து வாழ்வதால் தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிபந்தனையைக் களைந்து, கொடுமையை விவாகரத்துக்கும் காரணமாக்கியது.

கொடுமை என்பது யாது? சட்டம் அதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. நீதிமன்றங்களே வழக்குக்கு வழக்கு ஆராய்ந்து பொருள் கண்டன. இனி இவரோடு வாழ்தல் இயலாது என்னும் அளவுக்கு மனவேதனை விளைப்பதும் கொடுமையே என்றும், உடல்நலம் கெட்டதாகக் காட்ட வேண்டுவதில்லை என்றும் 1993 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2003 இல் அந்நீதிமன்றத்தின் முன் மற்றொரு வழக்கு வந்தது. மனைவியின் மனுவுக்குத் தந்த எதிருரையில் கணவர் அவளது கற்பைப் பழித்திருந்தார். பின்னர் அப்பகுதியைத் திருத்தி நீக்கிவிட்டார். எனினும் எழுதிய பழி விளைத்த புண் அதனால் ஆறிவிடாது என்று கருதி, நீதிமன்றம் அதனைக் கொடுமையாகவே கொண்டது. எய்த அம்பைத் திரும்பப் பெறுதல் எளிதன்று அல்லவா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். உண்மையாகவே துரோகம் நேர்ந்திருந்தால் அதைக் கூறுவதும் குற்றமோ? அன்று. பிறர்மனை உறவும் விவாகரத்துக்கு ஒரு காரணமே; அதனைச் சான்றுடன் நிலைநாட்ட எவருக்கும் உரிமை உண்டு. ஆதாரமின்றிப் பொறுப்பற்றுச் சுமத்தும் பழியையே சட்டம் கடிகிறது. இவ்விதி கணவன், மனைவி இருவருக்கும் பொது. மனைவி கணவன்மீது சுமத்தும் பொய்ப்பழியும் கொடுமையே.

அப்பெண்மணிக்கு நான் கூறிய விடை இதுதான்: "அம்மா, அவர் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் தேடும் தழும்பு அவற்றிலேயே இருக்கிறது."