பிள்ளை உழைத்த பணம் யாருக்குச் சொந்தம்?

கணக்கில் எழுதப்படாத பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கரைந்துவிடும். இது வியாபாரிகளாகிய நாம் நன்கறிந்த உண்மை. இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய உதாரணம் அமெரிக்கத் திரையுலகில்தான் இருக்கிறது.

1914இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர் ஜாக்கி கூகன். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். மேடையில் சிறுவனின் சுட்டித்தனத்தைக் கண்ட சார்ளி சப்ளின், 1921இல் வெளியான 'த கிட்' படத்தில் அவனைத் தன்னோடு நடிக்க வைத்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே 'ஒலிவர் ட்விஸ்ட்' படத்தில் அவன்தான் கதாநாயகன். பொம்மை, எழுதுபொருள், கச்சான் பட்டர் என்று பல பொருட்கள் அவனது படத்தைப் போட்டு விற்பனையாகின. ஒரு சிறுவனின் முகமே வியாபாரச் சின்னமாகிவிட்டது.

சிறு வயதில் அவன் உழைத்தது 30 முதல் 40 இலட்சம் டொலர் என மதிப்பிடப்படுகிறது. அவன் கைக்குக் கிடைத்ததோ வாரத்துக்கு 6.25 டொலர்! மீதியைத் தகப்பனார் தனக்காகச் சேமித்து வைக்கிறார் என்றே அவன் நம்பியிருந்தான்.

1935இல் தகப்பனார் வீதி விபத்தில் காலமானார். அதே ஆண்டு ஜாக்கிக்கு 21 வயது பூர்த்தியானது. தாயார், குடும்பத்தின் பண விவகாரங்களைக் கவனித்து வந்தவரையே மறுமணம் செய்தார். பணத்தைக் கேட்டபோது கை விரித்தார்கள். பராயமடையாத பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய கலிபோர்னியாச் சட்டம். 1938இல் ஜாக்கி வழக்குத் தொடர்ந்தார். இறுதியில் அவருக்குக் கிடைத்தது சுமார் 1,26,000 டொலர் மட்டுமே.

இந்த வழக்கினால் எழுந்த பரபரப்பில், 1939இல் 'கூகன் சட்டம்' பிறந்தது. ஆனால் நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. அந்த ஓட்டையை 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம் அடைத்தது. இப்போது கலிபோர்னியாவில் நடிப்பு போன்ற கலைத்துறையில் பிள்ளை உழைத்தது பிள்ளைக்கே சொந்தம். மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தை வேலை கொடுப்பவரே நேரடியாகப் பிள்ளையின் பெயரிலுள்ள விசேட கணக்கில் வைப்பிலிட வேண்டும். 18 வயதுவரை நீதிமன்ற அனுமதியின்றி எவரும் அதில் கை வைக்க முடியாது. இணையத்தில் காணொளி மூலம் சம்பாதிக்கும் சிறுவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பை விரிவாக்கும் சட்டம் 2024இல் கையெழுத்தானது.

ஜாக்கியின் திறமை மட்டும் கரையவில்லை. 1964 முதல் 1966 வரை ஒளிபரப்பான 'த அடம்ஸ் ஃபெமிலி' தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத் தலை அங்கிள் ஃபெஸ்டராக மீண்டும் புகழ் பெற்றார். 1984இல் காலமானார். இழந்த பணம் திரும்பி வரவேயில்லை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். தகப்பனாரின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் எண்ணம் கணக்காகாது. அவர் போனதும் அதைச் சொல்ல ஒரு துண்டுக் கடதாசி கூட இருக்கவில்லை. நம் கடைகளிலும் "எல்லாம் உனக்குத்தானே மகன்" என்ற வாக்கை நம்பி வருடக்கணக்காக உழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு மாதச் சம்பளமா, இலாபத்தில் பங்கா என்பதை இன்றே எழுதுங்கள். அவர்கள் பெயரில் வங்கிக் கணக்கொன்றைத் திறந்து, அந்தப் பணத்தைக் கடை லாச்சிக்கு வெளியே வையுங்கள். பிள்ளையின் உழைப்பு நம் கையிலுள்ள அமானிதம். வாப்பா உயிரோடு இருக்கும்போது எழுதப்படும் ஒரு பக்கம், அவர் போன பிறகு வரும் பல வழக்குகளைத் தடுத்துவிடும்.